பிடித்த காட்டு மிருகம் ஏன் செத்துப்போகிறது? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை முற்றிக் குளங்கள் வற்றத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். மாட்டுக்குக் காய்ச்சல், ஆட்டுக்குக் கழிச்சல் என்று கேட்கிறவர்கள், "தம்பி, வளவுக்குள்ள ஒரு மான் வந்து விழுந்து கிடக்கு" என்று தொடங்குவார்கள். கால்நடை வேலையாக மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் திரிகிறவன் என்பதால் காட்டு மிருகமும் என் பாடுதான் என்று நினைக்கிறார்கள். காட்டு மிருகத்துக்கு மருந்து கொடுப்பது வனசீவராசிகள் திணைக்கள மிருக வைத்தியரின் வேலை. அவர் வந்து சேரும் வரைக்கும் உள்ள நேரத்துக்குத்தான் இந்தப் பக்கம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

காயம் ஒண்டும் இல்லாத மான். பிடிச்சுக் கட்டி வைச்சம், ரெண்டு மணித்தியாலத்தில செத்துப்போச்சு. பயத்தில செத்ததோ?

பயம் தொடக்கி வைத்தது. முடித்து வைத்தது தசையும் சூடும். துரத்துப்பட்டு, பிடிபட்டு, கட்டுக்குள் உதறிக்கொண்டு கிடந்த மிருகம் வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே சேதப்பட்டுச் சாகலாம். இதைப் பிடிபடல் தசைநோய் என்பார்கள். 1964 இல், கென்யாவில் பிடிக்கப்பட்ட ஹிரோலா என்ற மான் போன்ற மிருகத்தில் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். பிறகு முயல், குரங்கு, நாரை என்று பார்க்கப் பார்க்கப் பட்டியல் நீண்டது.

ஆகவே "காயமில்லை, தப்பிவிடும்" என்ற கணக்கு காட்டு மிருகத்துக்குச் சரிவராது. நாய் ஒரு கடி கடித்துவிட்டு விட்ட மான் தப்பியிருக்கும். நாய் வாயே வைக்காமல் ரெண்டு கட்டை தூரம் துரத்திய மான் பின்னேரத்துக்குள் செத்துக் கிடக்கும்.

பயத்துக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ.

முழு வேகத்தில் ஓடும் தசைக்கு ஒட்சிசன் காணாது. அப்போது அது ஒட்சிசன் இல்லாமலே சக்தி எடுக்கும். இலற்றிக் அமிலம் தேங்கும். காட்டில் சிறுத்தை துரத்தினால் அந்த ஓட்டம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்: ஒன்றில் மான் பிடிபடும், இல்லாவிட்டால் தப்பி நிழலில் நின்று மூச்சு வாங்கும். மனிதன் பிடித்தால் அந்த முடிவு வருவதில்லை. நாலு காலையும் கட்டிப் போட்ட பிறகும் மானின் உடம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதிரினலின் என்ற பதற்றச் சுரப்பு இறங்காது, இரத்தம் அமிலமாகும், தசைநார் உடையத் தொடங்கும்.

உடைந்த தசையிலிருந்து முக்கியமாக இரண்டு சாமான்கள் இரத்தத்தில் கலக்கும். ஒன்று பொற்றாசியம், அது அளவு மீறினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். மற்றது மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலாவது மணித்தியாலக் கணக்கில் கொல்லும், மற்றது நாட்கணக்கில்.

மனிதரிலும் இதே வழி உண்டு. 1941 இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் கை கால் நசுங்கிக் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதை வைத்தியர்கள் விவரமாகப் பதிந்தார்கள். மூடிப்போன பங்கருக்குள்ளிருந்து ஆட்களைத் தோண்டி எடுத்துப் பார்த்த எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

வெயில் பழக்கமான மிருகம்தானே? இஞ்சத்தைய மானுக்கு எங்கட வெக்கை என்ன செய்யும்?

வன்னி மான் வெயிலைத் தாங்குவதில்லை, வெயிலிலிருந்து தப்பிக்கொள்கிறது. வெயில் ஏறினால் பாலை, வீரை மர நிழலில் படுத்துவிடும். மேய்ச்சல் எல்லாம் விடியலிலும் பொழுதுபட்டும்தான். நாம் பிடித்த கையோடு அந்தத் தெரிவு அதன் கையில் இல்லாமல் போகிறது. பத்து மணிக்குப் பிடித்து, தகரக் கொட்டிலில் கட்டிவைத்து, சுற்றிவர ஆட்கள் நின்றால் காற்றும் இல்லை.

தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால்வாசிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. மானின் சாதாரண உடல் வெப்பம் 39 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். துரத்தி உதறினால் சில நிமிடங்களிலேயே 41 ஐத் தாண்டலாம். அது ஆபத்துக் கோடு. 43 ஐத் தொட்டால் மூளையும் ஈரலும் வெந்ததற்குச் சமன். குளிர்நாட்டில் அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும். எங்கள் வைகாசி மத்தியானத்தில் காற்றே 35 பாகையில் நிற்கும்போது சூடு போக முக்கிய வழி, மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்குவதுதான்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சோளகம் அடிக்கும் ஆடி, ஆவணியில் காற்று காய்ந்தது, ஈரம் கெதியாக ஆவியாகும். ஆனால் மிருகம் தண்ணீரை இழந்துகொண்டே போகும். மழைக்கு முந்திய ஐப்பசிப் புழுக்கத்தில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் ஈரம் ஆவியாகாது, மூச்சிரைத்துப் பிரயோசனமில்லை. "இண்டைக்கு மப்பாத்தானே இருக்கு" என்று மத்தியானத்தில் பிடிக்கப் போகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எந்த மிருகம் லேசில சாகும், எது தாங்கும்?

புள்ளிமான், மரை, சருகுமான், முயல் எல்லாம் மிக லேசில் போகும். ஓடித் தப்பவென்றே அமைந்த உடம்பு அவைக்கு. நீண்ட கால் பறவைகளும் அப்படித்தான். அவற்றுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. அழுங்கு வேறு மாதிரி: உருண்டு சுருண்டு கிடக்கும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் சாப்பாட்டை விட்டுவிடும். எறும்பும் கறையானும் தவிர வேறொன்றும் தின்னத் தெரியாத மிருகத்தைக் கூட்டில் வைத்துக் காப்பாற்றுவது பெரிய மிருகக்காட்சிச்சாலைகளுக்கே கடினம்.

நரி, காட்டுப்பன்றி, குரங்கு கொஞ்சம் தாங்கும். தாங்கும் என்றால் சாகாது என்று அர்த்தமில்லை. அவை கடிக்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

நாய் துரத்தி வந்த மான் வளவுக்குள்ள படுத்துக் கிடக்கு. முதல் செய்ய வேண்டியது என்ன?

நாயைக் கட்டுங்கள். அடுத்தது ஆட்களைக் கலைக்க வேண்டும். மிருகத்தைப் பிடிப்பதற்கு முன் இந்த இரண்டும் நடந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு 1992 என்ற வனசீவராசிகள் அவசர இலக்கத்துக்கோ, கிட்டவுள்ள திணைக்கள அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். இலக்கம் கிடைக்காவிட்டால் கிராம அலுவலர் ஊடாகவோ பொலிஸ் ஊடாகவோ சொல்லலாம்.

படுத்திருக்கும் மான் தலை நிமிர்த்தி, காது அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம். ஆட்கள் எல்லாரும் கண்ணுக்கு மறைவாகப் போய், காட்டுப் பக்கத்து வேலியில் ஒரு பொட்டு விட்டுவைத்தால் பொழுதுபட அதுவே எழும்பிப் போய்விடும். வெயில் அடித்தால் தூர நின்று ஒரு படங்கை நிழலுக்கு இழுத்துக் கட்டலாம், அதுவும் அது பதறாவிட்டால் மட்டும்.

தலை விழுந்து, வாய் திறந்து இரைத்துக்கொண்டு பக்கவாட்டில் கிடந்தால்தான் கை வைக்கலாம். நெஞ்சு நிலத்தில் படிய, கால் மடங்க, தலை உயர இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். அசைபோடும் மிருகத்தை மல்லாத்தியோ பக்கவாட்டிலோ நெடுநேரம் போட்டால் வயிறு காற்றால் ஊதும், இரைப்பையில் இருப்பது மேலே வந்து சுவாசப்பையில் இறங்கும். தூக்கவேண்டி வந்தால் படங்கில் வைத்து நாலு பேர் தூக்குங்கள். நாலு காலையும் சேர்த்துக் கட்டித் தடியில் தொங்கவிடுவது வேட்டைக்காரன் செத்த மிருகத்தைக் கொண்டுபோகும் முறை.

கண்ணைக் கட்டினால் இன்னும் பயப்படாதோ?

பயப்படாது. காணாததற்கு மிருகம் பதறுவது குறைவு. பருத்தித் துவாயோ பழைய சாரமோ எடுத்துக் கண்ணை மூடி, மூக்கும் வாயும் வெளியே தெரியும்படி தளர்வாகச் சுற்றுங்கள். நாடாவை இறுக்கி முடிச்சுப் போடாமல் ஒரு இழுவையில் அவிழும்படி விடவேண்டும். சத்தத்துக்குக் கண்கட்டு ஒன்றும் செய்யாது. ஆகவே கதை, ரெலிபோன், லான்ட்மாஸ்டர் எல்லாம் நிற்க வேண்டும். மானின் காதைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எங்கே ஒருவர் செருமினாலும் அந்தப் பக்கம் திரும்பும். உங்களுக்கு அது அமைதியாகக் கிடக்கிற மாதிரித் தெரியும் நேரத்தில்கூட அது ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டுதான் கிடக்கிறது.

வீடியோ எடுக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மானின் கழுத்தில் கை போட்டுப் படம் எடுத்துப் போட்டால் ஆயிரம் பேர் பாராட்டுவார்கள். அந்த மான் அடுத்த நாள் இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

களைச்சுப் போச்சு பாவம். ஜீவனி கரைச்சுக் குடுக்கலாமோ? இளநீர்?

வாயில் ஊற்றவே கூடாது. இரைத்துக்கொண்டிருக்கும் மிருகத்துக்கு விழுங்குவதற்கு நேரமில்லை. ஊற்றியது சுவாசப்பைக்குத்தான் போகும், நாலைந்து நாளில் நியுமோனியாவில் சாகும். தலை நிமிர்த்திக் கிடக்கும் மிருகத்துக்குப் பக்கத்தில் அகன்ற, ஆழமில்லாத ஏனத்தில் வெறும் தண்ணீர் வைத்துவிட்டு விலகுங்கள். விருப்பமென்றால் குடிக்கும். ஜீவனி உங்கள் பிள்ளைக்கு வயிற்றோட்டத்துக்கு நல்ல சாமான், அங்கேயே இருக்கட்டும்.

உடம்புக்குத் தண்ணி ஊத்தலாமோ? ஐஸ் வைக்கலாமோ?

உடம்பு கொதித்து, வாய் திறந்து இரைத்தால் ஊற்றலாம், ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் காணும். தொடை இடுக்கு, வயிற்றின் அடிப்பக்கம், அக்குள், கால் என்று மயிர் குறைந்த இடங்களை நனைத்து, கிடுகாலோ மட்டையாலோ மெல்ல விசிறுங்கள். குளிர்ச்சி தருவது தண்ணீரைவிட அது ஆவியாவதுதான். ஐஸ் தேடி ஓட வேண்டாம். அதைத் தேடும் நேரத்தில் இரண்டு வாளி ஊற்றி முடித்துவிடலாம்.

பலர் செய்வது, சாக்கை நனைத்து மேலே போர்த்துவிட்டுப் போவது. பத்து நிமிடத்தில் அந்தச் சாக்கு உடம்புச் சூட்டில் கொதித்து, இட்டலிச் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். நனைத்த துணி போட்டால் அடிக்கடி எடுத்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் போடாமலே விடுங்கள். வெப்பமானி இருந்தால் மலவாயிலில் வைத்து 39.5 க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் உடம்பு தானாக இன்னும் இறங்கும். மாரி இரவில் பிடிபட்டு நடுங்கும் மிருகத்துக்கு இந்தப் பதில் பொருந்தாது. 2022 மார்கழிக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் விறைத்துச் செத்தன என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில போகுது. சேலைன் ஏத்தினால் தப்புமோ?

அந்த நிறம்தான் இரண்டாவது கேள்வியில் சொன்ன மயோகுளோபின். அதோடு பின்னங்கால் விறைத்து, எழும்ப முயன்று விழுந்தால் தசை உடைந்துவிட்டது என்று எடுக்கலாம். மிருக வைத்தியர் நாளத்தில் சேலைன் ஏற்றி, அமிலத்தைக் குறைக்க சோடியம் பைகாபனேற்று கொடுத்து, நோவுக்கும் பதற்றத்துக்கும் ஊசி போட்டுப் பார்ப்பார். சில தப்பும். பெரும்பாலும் தப்பாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் "டொக்டர் பிந்தி வந்தபடியால்தான் செத்தது" என்று பழி போடுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த நோயை மருந்தால் வெல்வது அரிது; துரத்தும் நேரத்தையும் பிடித்து வைத்திருக்கும் நேரத்தையும் குறைத்தால்தான் உண்டு.

சுருக்கில மாட்டின மானை அவிழ்த்து விட்டம், துள்ளிப் பாய்ஞ்சு ஓடிட்டுது. அப்ப சரிதானே?

ஓடியது நல்லது. தப்பியது என்று சொல்ல முடியாது. கிளச் வயர்ச் சுருக்கு இறுக்கிய காலில் மணிக்கணக்காக இரத்த ஓட்டம் இல்லை. அவிழ்த்தவுடன் அந்தக் காலில் தேங்கி நின்ற பொற்றாசியமும் மயோகுளோபினும் ஒரே தரத்தில் உடம்புக்குள் பாயும். இடிபாட்டிலிருந்து எடுத்தவர்களுக்கு நடந்தது இதுதான். இரவு முழுக்கச் சுருக்கோடு இழுபட்ட மிருகத்தை, கிட்ட ஆள் வந்தாலும் அவ்வளவு பதறாத நிலையில் கண்டால், நீங்களாக அவிழ்க்காமல் நிழல் போட்டுவிட்டு 1992 க்கு அழைப்பதே நல்லது. மயக்கம் கொடுத்து அவிழ்த்தால் காயத்தையும் பார்க்கலாம்.

சிறுத்தை, கரடி என்றால் கிட்டப் போவதே இல்லை. பன்றிக்கு வைத்த சுருக்கு சிறுத்தையின் இடுப்பிலோ கழுத்திலோ விழும், அது திமிறத் திமிற வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தார்கள். சில நாட்களில் அது இறந்துவிட்டது. நல்ல கவனிப்பும் போதாமல் போகிற இடம் சுருக்கு. வயல் வரம்பில் பன்றிக்கு என்று வைக்கிறவர்களிடம் இதைச் சொன்னால், "அப்ப என்ர நெல்லுக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

ஊசித் துவக்கால சுட்டால் உடன விழும்தானே? அம்பாள்குளத்துச் சிறுத்தைக்கு ஏன் அப்பிடிச் செய்யேல்லை?

படத்தில்தான் உடனே விழும். உண்மையில் ஊசி நன்றாகத் தசையில் ஏறினாலும் பத்துப் பதினைந்து நிமிடம் போகலாம். பதறிய மிருகத்துக்கு அதற்கு மேலும் போகும். அதிரினலின் மருந்தோடு மல்லுக்கட்டும், கூடுதல் அளவு தேவைப்படும். அந்த நேரம் முழுக்க மிருகம் ஓடும், தாக்கும், குளத்துக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் விழும். 2018 ஆனி மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊர் திரண்டு அடித்துக் கொன்றது. வீடியோ பரவியது, ஆட்கள் கைதானார்கள். அப்படிச் சனம் வளைத்து நின்று கூக்குரல் போடும் இடத்தில் மயக்க ஊசி எந்த வைத்தியருக்கும் கடைசித் தெரிவுதான். ஊசியைவிட முதல் தேவைப்பட்டது, சிறுத்தை போவதற்கு ஒரு பக்கம் திறந்து விடுவது.

விழுந்த பிறகும் வேலை முடியவில்லை. சைலசின் போன்ற மயக்க மருந்துகள் உடம்பு தன் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் திறனைக் கெடுக்கும். வெயிலில் கிடந்தால் சூடேறும், இரவில் குளிரும். கெற்றமின் என்ற மயக்க மருந்து போட்ட சிறுத்தைக்குக் கண் மூடாது, இமைக்காது. கண்ணுக்குக் களிம்பு போட்டுத் துணியால் மூடாவிட்டால் கருவிழி காய்ந்துவிடும். அதனால்தான் வைத்தியர்கள் முடிந்த மட்டும் விடியலையோ பின்னேரத்தையோ பார்த்திருப்பார்கள். "பத்து மணிக்கே வந்திட்டு ஏன் சும்மா நிக்கினம்?" என்பதற்கு அதுதான் விடை.

யானைக்கும் இதே மாதிரியோ? அவ்வளவு பெரிய உடம்புக்கு என்ன வரும்?

பெரிய உடம்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். யானைக்கு நகத்தைச் சுற்றித்தான் வியர்வை. மிச்சச் சூடு காது வழியாகப் போகிறது. மயக்கிய யானையின் காதில் ஆட்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நெஞ்சு நிலத்தில் படியக் குந்திய மாதிரி விழுந்தால் தன் பாரமே சுவாசத்தை அமுக்கிக் கொல்லும், ஆகவே பக்கவாட்டில் சரிக்கப் பார்ப்பார்கள். ஐந்தாவது கேள்வியில் மானுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர். ஒன்றுக்குத் தெரிந்ததை மற்றதில் செய்து பார்க்காதீர்கள்.

லொறியில் ஏற்றித் தூரத்துக் காட்டில் விட்டால் பிரச்சினை தீரும் என்பது ஊரின் நம்பிக்கை. கழுத்தில் கருவி மாட்டி இலங்கையில் பின்தொடர்ந்து பார்த்து 2012 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி விட்ட ஆண் யானைகளில் சில திரும்பி வந்தன, சில அலைந்து திரிந்தன, சிலதான் விட்ட இடத்தில் தங்கின.

பூநாரை ஒண்டு நிலத்தில கிடக்கு, கால் மடிஞ்சபடி. மயிலையும் இப்பிடிக் கண்டிருக்கிறன்.

வங்காலை, சுண்டிக்குளம் பக்கம் பூநாரை வரும் காலத்தில் இந்தக் கேள்வியும் வரும். நீண்ட கால் பறவையைப் பிடித்துக் காலை மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் கால் தசைக்கு இரத்தம் போகாது. பிறகு வெளியே விட்டாலும் எழும்பி நிற்க ஏலாது. பெட்டிக்குள் நிற்கும் உயரம் வேண்டும். எந்தப் பறவையையும் நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடிக்காதீர்கள். பறவைக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. செட்டையை உடம்போடு சேர்த்துத் துணியால் சுற்றி, நெஞ்சைத் தளர்த்தி விடுங்கள். வாய் திறந்து தொண்டை படபடவென்று அடித்தால் வெக்கை என்று அர்த்தம்.

ஆமை, உடும்புக்கும் இதெல்லாம் இருக்கோ? அதுகள் கல்லு மாதிரித்தானே?

வெயில்தான் அவற்றுக்கு எமன். தன் உடம்பில் சூடு உண்டாக்காத பிராணி, வெளிச் சூடு எவ்வளவோ அதுவே உள்ளேயும். நட்சத்திர ஆமையைப் பிளாஸ்ரிக் பேசினில் போட்டு முற்றத்தில் வைத்தால் அதற்கு நிழலுக்குப் போக வழியில்லை, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். போத்தலில் அடைத்த பாம்பும் அப்படித்தான். வறண்ட நிலத்து ஆமைகளைத் தூக்கினால், உடம்பில் தேக்கி வைத்திருக்கும் தண்ணீரைப் பயத்தில் பெய்துவிடும். கோடையில் அது பெரிய நட்டம். ரோட்டில் கண்டால், அது போகும் பக்கத்துக்கே தாழ்வாகத் தூக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கட வீட்டுத் தேவாங்கு சாது. தடவ விட்டுக்கொண்டு நிக்கும். பிறகென்ன?

அசையாமல் நிற்பதும் பயத்தின் ஒரு வடிவம். தேவாங்கு, சருகுமான், முயல்குட்டி எல்லாம் தப்ப வழியில்லை என்று கண்டால் உறைந்துவிடும். தடவும்போது மூச்சு வேகமாக அடிக்கிறதா, கண் அகன்று நிற்கிறதா, கையை எடுத்ததும் மூலைக்குப் போகிறதா என்று பாருங்கள். இரவில் திரியும் பிராணியைப் பகல் வெளிச்சத்தில் விருந்தாளிக்குக் காட்டுவது தனிக் கொடுமை.

நாள்பட்ட பயம் ஓட்டத்தைப் போலச் சத்தமாகக் கொல்லாது. மெலியும், மயிர் கொட்டும், கழிச்சல் வரும், ஏற்கெனவே உடம்பில் இருந்த ஒட்டுண்ணி பெருகும். "நல்லாத்தான் சாப்பிட்டது, திடீரெண்டு செத்துப்போச்சு" என்று சொல்லும் இடங்களில் திடீர் என்று ஒன்றும் நடந்திருக்காது. மான், மரை, தேவாங்கு, அழுங்கு போன்றவற்றை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம்.

அப்ப காயப்பட்டதை எடுத்து வைச்சால் எங்களைத்தான் பொலிஸ் பிடிக்குமோ?

முதலில் அறிவியுங்கள், பிறகு தொடுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்னதையும் குறித்து வையுங்கள். அறிவித்துவிட்டுக் காத்திருப்பவரும், அறிவிக்காமல் ஒரு மாதம் கட்டி வைத்திருப்பவரும் ஒன்றல்ல. செத்துவிட்டால் இறைச்சியைப் பங்கு போடலாமோ என்றும் மெல்லிய குரலில் கேட்பார்கள். போட முடியாது. மயக்க ஊசி ஏறிய இறைச்சி என்றால் உங்களுக்கும் ஆபத்து.

குட்டி தனியக் கிடந்தது. தாய் இல்லை. எடுத்துக்கொண்டு வந்திட்டம்.

மான் தன் குட்டியைப் பற்றைக்குள் படுக்கவிட்டுவிட்டு மேயப் போகும், ஒரு நாளில் சில தடவைதான் வந்து பால் கொடுக்கும். நீங்கள் கண்டது அநாதை அல்ல. எடுத்த அன்றே என்றால் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்; மனித மணம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதற்குப் பயந்து நிற்க வேண்டாம். நாள் கடந்துவிட்டால் 1992.

கூட்டில ஒரு கிழமை நல்லாச் சாப்பிட்டுக்கொண்டு நிண்ட மான். கூடு மாத்தப் பிடிச்சம், கையிலயே செத்துப்போச்சு. ஆரும் நஞ்சு வைச்சதோ?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் ஆகக் குழப்பமானது, ஊருக்குள் சண்டையும் மூட்டுவது. நஞ்சு இல்லை. முதல் பிடியில் தசை பாதி சேதப்பட்டு, சாகாமல் மிஞ்சிய மிருகம் அது. வெளியில் சாப்பிடும், நடக்கும். இரண்டாம் முறை துரத்தியதும் அதிரினலின் ஏறி, ஏற்கெனவே கெட்டிருந்த இதயத் தசை சில நிமிடத்தில் நின்றுவிடும்.

ஆகவே பிடித்த மிருகத்தை இடம் மாற்றுவது, படம் எடுக்கப் பிடிப்பது, காயம் பார்க்கத் திரும்பத் திரும்பப் புரட்டுவது எல்லாம் புதிதாகப் பிடிப்பதற்குச் சமன். மருந்து கட்டல், அளவெடுத்தல், ஏற்றுதல் என்று இருக்கிற வேலை எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடிக்க வேண்டும்.

ஏத்திக்கொண்டு போகத்தான் வேணும் எண்டால் எப்பிடி?

அலுவலர்கள் சொன்னால் மட்டும் ஏற்றுங்கள். இரவில் அல்லது விடிய முன். பலகைப் பெட்டி, உள்ளே இருட்டு, பக்கங்களில் மேலேயும் கீழேயும் காற்றுத் துளை, தரையில் வழுக்காமல் வைக்கோலோ சாக்கோ. மிருகம் நிற்கவும் படுக்கவும் இடம் வேண்டும். துள்ளித் திரும்பும் அளவு அகலம் வேண்டாம். கம்பிக் கூடு என்றால் முகத்தை இடித்து உடைக்கும், அதைச் சாக்கால் மறையுங்கள். பட்டா வாகனத்தின் தகரப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். ஏ9 வீதியில் போக்குவரத்துக்கு நின்ற பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும்.

தேறிட்டுது. எங்க, எப்பிடி விடுறது?

பிடித்த இடத்துக்குக் கிட்டவே. மடுவுக்கும் வில்பத்துக்கும் கொண்டுபோனால் தண்ணீர் எங்கே, பதுங்க இடம் எங்கே என்று தெரியாமல் கோடையில் திண்டாடும். பொழுதுபடும் நேரத்தில், காட்டுப் பக்கம் பார்த்தபடி பெட்டியை வைத்து, கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் பின்னுக்குப் போக வேண்டும். தடியால் குத்தி வெளியேற்றுவதும், ஓடுகிறதா என்று பார்க்கப் பின்னால் போவதும் மேலே சொன்ன இரண்டாம் துரத்தல்தான். வெளியே வர ஒரு மணித்தியாலம் எடுத்தால் எடுக்கட்டும். விடிந்ததும் ஒருவர் மட்டும் போய்ச் சுற்றிப் பாருங்கள். கிட்டடியில் விழுந்து கிடந்தால் தொடாமல் மறுபடி 1992 க்கு அழையுங்கள்.